ஆடியில் முக்திநாத்துக்கு நடந்தோம்

ஆடி மாதத்தில் இமயமலையில் நடைப்பயணம் போகிறவர்கள் இல்லை என்று நேபாளத்தில் நாங்கள் பார்த்த எல்லோரும் சொன்னார்கள். விடுதிக்காரர் சொன்னார். எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, நாங்கள் கேட்காமலேயே சொன்னாள். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் வானம் கழுவித் துடைத்ததுபோல் இருக்கும், பனிச்சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். பங்குனி, சித்திரையில் வந்தால் மலைக்காடு முழுக்கச் சிவப்புப் பூ. ஆடியிலும் ஆவணியிலும் இருப்பது மழை, மண்சரிவு, அட்டை. "இப்போது ஏன் வந்தீர்கள்?" என்பதுதான் அந்த நாட்டில் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பு.

அந்தக் கேள்விக்கு அம்மா சொன்ன பதிலை, மாலை வகுப்பில் கற்ற என் இந்தியில் மொழிபெயர்க்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "ஆடியில முகூர்த்தம் இல்லை" என்பதுதான் அந்தப் பதில்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் மாதங்களைப் பிரிப்பது வெயிலும் மழையும் அல்ல, தறிதான். ஐப்பசி என்றால் தீபாவளிச் சேலை. தை பிறந்தால் கல்யாணச் சேலை. ஆடியில் கல்யாணம் கிடையாது. அதனால் பட்டு முதலாளிகள் நெய்யப் பாவு நூல் கொடுப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், பாதித் தறிகள் சும்மா இருக்கும். சின்ன காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பங்கள் சேர்ந்து யாத்திரை போவதானால் ஆடியில்தான் போவார்கள். ஸ்ரீரங்கத்துக்கும் திருப்பதிக்கும் இது சரியாகத்தான் இருந்தது. இந்த முறை நேபாளம் என்று முடிவானபோதும் மாதத்தை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. ஆசிரியர் பயிற்சியை அப்போதுதான் முடித்துவிட்டு வேலை உத்தரவுக்காகக் காத்திருந்தேன். என் பாடம் பூகோளம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் படி ஏறியவர் யாருமில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு, அதை மறைக்கவும் மாட்டேன். "ஆடியில அங்க பருவமழை, மலையில ஏற முடியாது" என்று யாத்திரைக் குழுவை நடத்திய வரதன் மாமாவிடம் சொன்னேன்.

"மழைன்னா ஐப்பசிலதாம்மா" என்றார் மாமா. "ஆடில காத்துதான் அடிக்கும். இதுகூட தெரியாம என்னா பூகோளம் படிச்சே?"

மழை என்று சொன்னதும் அம்மாதான் என்னை முறைத்தாள். அவளுக்கு நேபாளம் என்றால் முக்திநாத். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று இன்னொரு நாட்டில், பனிமலைக்கு நடுவில் இருக்கிறது என்று கோயில் பிராகாரத்தில் யாரோ சொல்லக் கேட்ட நாளிலிருந்து அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவிலிருந்து யாரும் போனதில்லை. ஒருநாள், தறிக்கான ஊடை நூலைத் தாறு சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் என்னிடம் சொன்னாள்: "இந்த வூட்ல மொத மொதல்ல படிச்சவ நீ. அது உனக்கு. எனக்கும் ஒண்ணு வேணாமா? ஒண்ணுலயாவது நான் மொதல்ல போயிட்டு வரேனே."

அதற்குப் பிறகு நான் மழையைப் பற்றிப் பேசவில்லை.

காட்மாண்டுவில் கோயில்களைப் பார்த்துவிட்டு, குழுவில் சிலர் மட்டும் போக்ரா வந்தோம். அங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம் ஜோம்சோமுக்கு ஒரு சிறு விமானம் போகும், இறங்கி ஒருநாள் நடந்தால் முக்திநாத் என்றார்கள். விமான நிலையம் என்பது ஒரு புல்வெளி. அதில் எருமைகள் மேய்ந்தன. விமானம் வரும் நேரத்துக்குச் சங்கு ஊதுவார்கள். எருமைகள் தாமாகவே எழுந்து ஓரத்துக்குப் போகும். தினமும் சங்கு ஊதியது, எருமைகளும் ஒழுங்காக எழுந்து போயின. விமானம்தான் வரவில்லை. மேகம் மலையின் இடுப்புவரை இறங்கி உட்கார்ந்துகொண்டது. "நாளைக்கு" என்றார் சிப்பந்தி. மறுநாளும் "நாளைக்கு" என்றார்.

கொண்டுவந்த கோயில் இட்லியில் கடைசித் துண்டைத் தின்று முடித்த அன்று வரதன் மாமா கைவிட்டார். காசியில் ஆடி அமாவாசை ஸ்நானம் தவறிவிடும், திரும்பலாம் என்றார். எல்லோரும் மூட்டை கட்டினார்கள். அம்மா கட்டவில்லை.

"நடந்து போறதுக்கு வழி இருக்குதாமே" என்றாள்.

"அது எட்டு, பத்து நாள் நட அண்ணி! மழையில! உங்க வூட்டுக்காரருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நடந்து போயிக்கினு இருக்கான்னு சொல்லுங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் குடையைக் கையில் எடுத்துவிட்டாள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? எனக்கு இந்தி பேச வரும், திரும்பி வர அது போதும் என்று நானே மாமாவுக்குத் தைரியம் சொல்லி அனுப்பினேன்.

சுமை தூக்கத் தன்பகதூர் என்பவர் கிடைத்தார். நம் நாட்டுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நன்றாக இந்தி பேசினார். எங்கள் மூட்டைகளை மூங்கில் கூடையில் வைத்து, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, கைகளை வீசி நடந்தார். முதல் நாளே அம்மாவை "ஆமா" என்று கூப்பிட்டார். அவர்கள் மொழியில் அம்மாவுக்கு அதுதான் பெயர். "பாத்தியா, இங்கயும் அம்மாதான்" என்று அம்மா பூரித்துப்போனாள். அன்று முதல் அவரிடம் தமிழிலேயே பேசினாள். அவரும் தலையை ஆட்டினார்.

இனி மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர் மழைக்கு ஒரு கோபம் உண்டு. இடிக்கும், கொட்டும், போய்விடும். அந்த மலையின் மழைக்குக் கோபமே இல்லை. அது பாட்டுக்குப் பெய்தது. காலையில் கண் விழித்தால் பெய்தது, படுக்கும்போதும் பெய்தது. பனிச்சிகரங்களுக்கு நடுவில் நடக்கிறோம் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது தன்பகதூரின் கூடையும் அதற்கு முன்னால் கொஞ்சம் வெள்ளை மேகமும்தான். கல்லால் ஆன படிகள் வானத்துக்குள் போய்க்கொண்டே இருந்தன. திருப்பதிப் படி ஏறியவள் என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, இரண்டாம் நாளோடு அந்தப் பேச்சை விட்டாள்.

காட்டுக்குள் அட்டை. இலை நுனியில் எழுந்து நின்று நம்மைத் தேடும். அம்மா முதலில் அலறினாள், பிறகு திட்டினாள், அதன் பிறகு உப்பு முடிந்த துணியால் தொட்டுத் தொட்டு, அட்டைகளைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள். எதிரே கோவேறு கழுதைகள் வரிசையாக வரும். கழுத்தில் மணி, தலையில் சாயம் போட்ட குஞ்சம். அவை வந்தால் நாம் மலைப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும், பள்ளத்துப்பக்கம் நின்றால் தள்ளிவிடும். "கல்யாண ஊர்வலமாட்டம் வருதுங்க, குணம் மட்டும் மோசம்" என்றாள் அம்மா.

சாப்பாடு வழிநெடுக ஒன்றுதான். சோறு, கறுப்புப் பருப்பு, முள்ளங்கிக் கீரை. அந்தப் பருப்பை அவர்கள் நெய்யில் ஏதோ ஒரு காய்ந்த புல்லைப் பொரித்துத் தாளிக்கிறார்கள். அம்மா மூக்கை நீட்டி, "பெருங்காயமாட்டம் வாசன வருதுடி" என்று உட்கார்ந்தாள். உத்தரத்தில் இறைச்சித் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நாங்கள் கொண்டுபோன புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து, தன்பகதூருக்கும் ஒரு உருண்டை கொடுத்தாள். அவர் கண்ணில் நீர் வழிய, "பட்டாளத்தில்கூட இவ்வளவு காரம் இல்லை" என்று இன்னொரு உருண்டை கேட்டார்.

வெந்நீர் ஊற்று உள்ள ஊரைத் தாண்டி, ஆற்றை ஒட்டியே மேலே போனோம். சத்தம் காதை அடைத்தது. சாம்பல் நிறத்தில், பாறையை உருட்டிக்கொண்டு ஓடுகிற ஆறு. அதன் கரையில் ஒரு கிராமத்தில்தான் வழி நின்றது. மேலே பாதை சரிந்து ஆற்றோடு போய்விட்டது என்றார்கள். தன்பகதூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காட்டின் வழியாக மேலே ஏறிச் சுற்றிப் போகலாம், ஆனால் அங்கும் மண் இளகியிருக்கிறது, நாள் முழுக்க ஆகும் என்றார்.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரியை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் சமையலறைச் சுவர் முழுக்கப் பித்தளைக் குண்டான்களும் தட்டுகளும் அளவு வாரியாக வரிசையில் நின்று, கண்ணாடி போலத் துலங்கின. வேறு எந்த நாளாக இருந்தாலும் அம்மா அந்தப் பாத்திரங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருப்பாள். அன்று அடுப்போரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வீங்கியிருந்தது. கட்டியிருந்த நூல் சேலை ஈரம், மாற்றுச் சேலையும் ஈரம். கணுக்காலில் அட்டை கடித்த இடங்கள் கறுத்திருந்தன.

"மேலே போய்விட்டால் கவலையில்லை, நன்றாக இருக்கும்" என்றாள் அக்கா. நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"இவங்க எல்லாத்தையுந்தான் நல்லா இருக்குதுன்னு சொல்றாங்க" என்றாள் அம்மா. "ஏரோப்ளேன் வரும்னாங்க. வழி நல்லா இருக்குதுன்னாங்க. இதோ பக்கந்தான்னு சொல்லிச் சொல்லி எத்தினி நாளா நடக்கறோம்? திரும்பிடலாம்."

எனக்கும் அதுதான் ஆசை. அந்த நேரம் அவள் அதோடு நிறுத்தியிருந்தால் மறுநாள் நாங்கள் இறங்கியிருப்போம். ஆனால் அவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இல்ல போலருக்குது இந்தப் பெருமாள்."

எனக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய் அக்காவிடம் கேட்டு, இருப்பதிலேயே பெரிய குண்டான்கள் இரண்டை எடுத்துவந்து தரையில் கவிழ்த்தேன்.

"என்னாடி பண்றே?"

"இது ஒரு மலை. இது ஒரு மலை. நடுவுல ஆறு, அதான் நம்ம வழி. மேகம் கடல்லேர்ந்து இப்படி வருது. மலையில முட்டுது. மேல ஏறுது. ஏற ஏறக் குளுந்து, எல்லாத் தண்ணியும் இந்தப் பக்கமே கொட்டிடுது. நாம இப்ப கொட்டற எடத்துல இருக்கோம். தாண்டிட்டோம்னா அந்தப் பக்கம் கொட்டறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது."

அம்மா குண்டான்களைப் பார்த்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"நம்ம ஊர்லயும் அப்படித்தாம்மா. ஆடியில கேரளாவுல கொட்டுதே, நமக்கு வருதா? நடுவுல மலை இருக்குது. நமக்கு வெறும் காத்துதான். முக்திநாத் மலைக்கு அந்தப் பக்கம் இருக்குது. நம்ம ஊர் மாதிரி."

"உன் புஸ்தகத்துல முக்திநாத் போட்டிருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப எப்படிச் சொல்றே?"

"மலை எங்க இருந்தாலும் மேகத்துக்கு அதே கதிதாம்மா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். வேலை உத்தரவு வராத ஆசிரியைக்கு அதுதான் முதல் வகுப்பு. எந்த மாணவியும் அதற்குப் பிறகு என்னை அப்படிப் பார்த்ததில்லை. "அவங்க சொல்றத நான் நம்பல" என்றாள் அம்மா. "நீ சொல்றே இல்ல? அப்ப போலாம்."

அவள் அப்படிச் சொன்ன கணத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. பரீட்சையில் தப்பாக எழுதினால் மதிப்பெண் போகும். இங்கே தப்பானால் போவது வேறு. படித்த பாடத்தின் மேல் அம்மாவை ஏற்றி வைத்துவிட்டேன்.

காட்டுவழி செங்குத்தாக ஏறியது. ஓரிடத்தில் மண் சரிந்து, மரமே இல்லாமல், மலைச்சரிவு ஈரச் செம்மண்ணாக ஆற்றுவரை இறங்கியது. குறுக்கே ஒற்றைக் கால் வைக்கும் அளவுக்குத் தடம். தன்பகதூர் கூடையை முதலில் அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, அம்மாவின் கையைப் பிடித்தார். "கீழே பார்க்காதீர்கள், ஆமா" என்றார். நான் பின்னால் இருந்து தமிழில் சொன்னேன்.

"கண்ணத் தொறந்தாதானே பாக்கறதுக்கு" என்றாள் அம்மா.

நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் கடந்தாள். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து, தான் வந்த வழியைப் பார்த்தாள். பிறகு, இன்னும் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "அங்கயே நில்லுடி! வராதே!" என்று கத்தினாள். நான் கடந்து முடிக்கும்வரை வரதராஜப் பெருமாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போய்ச் சேர்ந்ததும் முதுகில் ஒன்று வைத்தாள்.

மறுநாளும் மழை. நான் அடிக்கடி வானத்தைப் பார்த்தேன். அம்மா வானத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "தாண்டிட்டமா?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல" என்றேன். மதியத்துக்கு மேல் மறுபடி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஆனால் காட்டில் மரங்கள் மாறியிருந்தன. பாசி தொங்கிய மரங்கள் போய், ஊசி இலை மரங்கள். தரையில் அட்டை இல்லை. மழை தூறலாகியிருந்தது.

அடுத்த நாள் காலை குடையை எப்போது மடக்கினோம் என்று எங்கள் இருவருக்குமே நினைவில்லை. பள்ளத்தாக்கு திடீரென்று அகன்றது. அந்தக் கோபக்கார ஆறு, பாலாறு போல அகலமான படுகையின் ஒரு ஓரத்தில், கூழாங்கல்லுக்கு நடுவில் பிரிந்து பிரிந்து ஓடியது. இருபுறமும் புல் முளைக்காத, பழுப்பு மலை. அதற்கு மேல், நாங்கள் இத்தனை நாள் பார்க்காத பனிச்சிகரம், முழுசாக, வெயிலில்.

பிறகு காற்று வந்தது. முதலில் புழுதி எழுந்தது, அப்புறம் பின்னாலிருந்து ஒரு தள்ளு. வெயிலுக்காக அம்மா மறுபடி விரித்த குடை படக்கென்று மேல்நோக்கி மடிந்தது. சேலைத் தலைப்பு தலைக்கு மேல் பறந்தது. அவள் ஒரு கையால் குடையையும் ஒரு கையால் சேலையையும் பிடித்துக்கொண்டு, நடு ஆற்றுப்படுகையில் நின்று, கண்ணில் மண் விழ விழச் சிரித்தாள்.

"அடியே! இது நம்ம ஊரு ஆடிக்காத்துடி! அதே காத்து!"

தன்பகதூர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஆமாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை, ஊருக்கு வந்துவிட்டாளாம்" என்றேன். போக்ராவிலிருந்து ஈரமாகவே இருந்த சேலை, அம்மாவின் உடம்பிலேயே காய்ந்து மொடமொடத்தது. அவள் தன் முந்தானையைக் கசக்கிப் பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டாள். அவ்வளவுதான். பாராட்டுப் பேச்சு எதுவும் இல்லை. வேலை உத்தரவு வந்த நாளில்கூட எனக்கு அத்தனை சந்தோஷம் இல்லை.

அந்தப் பக்கத்தில் காலையில்தான் நடக்க வேண்டும். மதியம் தொடங்கினால் காற்று ஆளை நகர விடாது. கிராமங்களில் தட்டைக் கூரை மேல் ஆப்ரிகாட் என்கிற சர்க்கரைப் பாதாமிப் பழங்களை உலர்த்தியிருந்தார்கள். ஒரு பெண் அம்மாவின் மடி நிறையக் கொட்டினாள். பார்லி வயல் பழுத்து நின்றது. மேலே போகப் போக மூச்சு வாங்கியது. அம்மா பத்தடி நடப்பாள், நிற்பாள், "நான் நிக்கல, மல பாக்கறேன்" என்பாள்.

முக்திநாத் ஒரு சிறிய கோயில். பெரிய பிராகாரம், கோபுரம் என்று வளர்ந்த எங்களுக்கு, நம் தெருமுனைக் கோயில் அளவுகூட இல்லையே என்றிருந்தது. உயரமான மரங்கள் சலசலத்தன. அரை வட்டச் சுவரில் வரிசையாகப் பசு முகங்கள், நூற்றெட்டு வாயிலிருந்தும் பனி உருகிய தண்ணீர். நான் ஏழெட்டுக்கு மேல் தாங்காமல் பல் கிட்டி வெளியே ஓடினேன். அம்மா நடந்தாள். ஓடவில்லை, ஒவ்வொன்றின் கீழும் தலையைக் கொடுத்து நின்று, கடைசிவரை போய்ச் சேர்ந்தாள்.

சந்நிதியைப் பார்த்துக்கொண்டவர் மொட்டைத் தலையும் செந்நிற அங்கியுமாக ஒரு புத்த பிக்குணி. அம்மா ஒரு நிமிஷம் திகைத்தாள். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே சொன்னதைத் தன்பகதூர் இந்தியில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்: "கார்த்திகையில் வந்தால் ஒரு கும்பிடு போடுவதற்குள் பின்னால் இருப்பவர் தள்ளுவார். இப்போது யாருமில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள்."

"நம்ம ஆடிதாண்டி நல்ல மாசம்" என்றாள் அம்மா, நடுங்கிக்கொண்டே.

வாசல் குறுகல், ஒருவர்தான் நுழையலாம். நான் முன்னால் இருந்தேன். சட்டென்று நின்று, குனிந்து, உள்ளங்காலைத் தடவினேன்.

"என்னாச்சு?"

"முள்ளு. நீ போ, வரேன்."

அம்மா என் காலைப் பார்த்தாள். துலக்கிவிட்டது போன்ற கல் தரையைப் பார்த்தாள். "முள்ளா?" என்றாள். உதட்டோரம் சிரிப்பு வந்து நின்றது. தலைமுடியிலிருந்து நீர் சொட்ட, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் உள்ளே போனாள்.

நான் வெளியிலேயே நின்றேன். நெடுநேரம் அவள் வரவில்லை. மணி ஒருமுறை அடித்தது. மரங்களில் காற்று ஏற ஆரம்பித்திருந்தது. இறங்க வேண்டிய நேரம் என்று தன்பகதூர் சைகை காட்டினார். நான் இன்னும் கொஞ்சம் என்று சைகை காட்டினேன்.

வெளியே வந்தபோது நெற்றியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பிரசாதம். எனக்கும் இட்டுவிட்டாள்.

"இவ்ளோ நேரம் என்னாம்மா வேண்டிக்கினே?" என்று கேட்டேன். என் வேலை உத்தரவு, என் கல்யாணம், தறி, ஏதாவது ஒன்று வரும் என்று நினைத்தேன்.

"ஒண்ணும் வேண்டல" என்றாள் அம்மா. "வந்துட்டேன்னு சொன்னேன்."